அட்டை கட்டிய கை

முன்கையில் ஒரு பட்டையை ஒட்டிவிட்டு, "இனிமேல் இயந்திரம் உங்கள் கை சொன்னபடி கேட்கும்" என்று சொல்லிப் பிழைப்பது என் தொழில். அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நாடு முழுவதும் வேரூன்றிவிட்ட ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. விரலை மடக்குவது விரல்தான் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். படித்தவர்களும் நம்புகிறார்கள். இது உண்மையல்ல. விரலுக்குள் விரலை மடக்கும் தசையே கிடையாது. அந்தத் தசைகளில் பெரும்பாலானவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கயிறு போட்டு இழுப்பதுபோல விரலை இழுக்கின்றன. ஐயமுள்ளவர்கள் இடது கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு விரல்களை மடக்கிப் பார்க்கலாம். பேருந்தில் நின்றபடி படிப்பவர்கள் இறங்கிய பிறகு செய்தால் போதும்.

என் பட்டை அந்தத் தசைகளை ஒட்டுக்கேட்கிறது. கை போகும் திசையையும் கவனிக்கிறது. ரப்பரைப் போல இழுபடும், கைக்குட்டையைப் போல மடியும். உள்ளே மயிரிழை போன்ற வெள்ளிக் கோடுகள் ஓடுகின்றன. கை மேலே போனால் இயந்திரத்தின் கொக்கியும் மேலே போகும். இயந்திரம் பதில் சொல்ல விரும்பினால் பட்டை தோலின்மேல் துடிக்கும். இதைப் பொருத்தித் தருவதும், பொருத்திய பிறகு எவர் கை எங்கே போனாலும் அதற்குப் பதில் சொல்வதும் நான்தான். யாரோ செய்து, யாரோ விற்ற சாமானுக்காக அடுத்தவர் வாசலில் நின்று பேச்சு வாங்கும் என் இனத்தவரே, லிஃப்ட் மெக்கானிக்குகளே, ஏசி மெக்கானிக்குகளே, இன்டர்நெட் இணைப்புக்காரர்களே, இதில் உங்கள் கதையும் இருக்கிறது.

கைக்கு முடி இறக்கியது

திண்டுக்கல்லில் பேகம்பூர் தாண்டி ஒரு தோல் ஷாப்பு. தோல் பதனிடும் இடத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோல்களைக் கட்டாகச் சங்கிலியில் மாட்டி, மேலே தூக்கி, சுழலும் பெரிய மர டிரம்வரை கொண்டுபோவது ஹாயிஸ்ட். அதை ஓட்டுபவர் சவரிமுத்து. குழியோரம் நின்று கட்டை மாட்டி அனுப்புபவர் கருப்பையா, எரியோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். டிரம் சத்தத்திலேயே ஆயுளில் பாதியைக் கழித்ததில் சவரிமுத்துவுக்குக் காது போய்விட்டது. நேருக்கு நேர் நின்று வாயசைத்துப் பேசினால் புரிந்துகொள்வார். ஒருநாள் கீழேயிருந்து கருப்பையா "நிறுத்துண்ணே" என்று கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. ஆடி வந்த ஈரத் தோல் கட்டு கருப்பையாவின் தோளை உரசிக்கொண்டு போனது. காதுக்கு மெஷின் வைத்துப் பார்த்தார்கள். அது டிரம் சத்தத்தைத்தான் இன்னும் பெரிதாகக் கொடுத்தது.

மேனேஜர் தனபால் ஒட்டன்சத்திரத்துக்காரர். மரியாதை ஒரு இம்மியும் குறையாமல் மனிதரைக் கலங்கடிக்கத் தெரிந்தவர். அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்: இந்தப் பட்டை உதவினால் சவரிமுத்து ஹாயிஸ்ட்டில் இருக்கலாம்; உதவாவிட்டால் உப்புக் கிடங்கு. பச்சைத் தோலுக்கு உப்புத் தேய்க்கிற இடம் அது. சவரிமுத்துவின் விரல்களோ ஏற்கெனவே சுண்ணாம்பில் வெடித்துப்போனவை. அவருக்கு அந்த இரண்டு வார்த்தையை ஒருவர் வாயசைவில் பார்த்தாலே உள்ளங்கை எரியும்போல இருந்தது. மேனேஜர் சொல்லும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஏற்பாடு எளிமையானது. வலது கைப் பட்டையால் சவரிமுத்து ஓட்டுவார். கீழே நிற்கும் கருப்பையாவுக்கும் ஒரு பட்டை. அவர் கையை இறுக்கி மூடினால் ஹாயிஸ்ட் உடனே நிற்கும். சவரிமுத்துவின் இடது கையில் உள்ள பட்டை விடாமல் துடிக்கும். கத்த வேண்டியதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. பட்டை சரியாக ஒட்டுவதற்கு முன்கையில் முடி இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மறுநாள் சவரிமுத்து இரண்டு கைகளையும் முழங்கைவரை மழமழவென்று மழித்துக்கொண்டு வந்தார். ஒட்டியதைப் பார்த்தவுடன் கருப்பையா அதற்கு 'அட்டை' என்று பெயர் வைத்துவிட்டார். கொடைக்கானல் மலையில் காலில் ஏறுமே, அந்த அட்டை. பிறகு சவரிமுத்துவின் கையைத் தடவிப் பார்த்து, அவர் முகத்துக்கு நேரே வந்து கேட்டார்:

"பழனிக்கு மொட்டை தெரியும், வேளாங்கண்ணிக்கு மொட்டை தெரியும். கைக்கு மட்டும் முடி எறக்குற கோயிலு எதுண்ணே?"

கைலி

முதல் இரண்டு நாள் ஹாயிஸ்ட் காரணமில்லாமல் நின்றது. கட்டு பாதி தூரம் போயிருக்கும், சடக்கென்று நிற்கும், சவரிமுத்துவின் இடது கை துடிக்கும், அவர் பதறிப்போய்க் குழிப் பக்கம் பார்ப்பார். அங்கே கருப்பையா பத்திரமாக நின்றுகொண்டிருப்பார். ஈரம் உள்ளே போய்விட்டதோ என்று பட்டையைக் கழற்றித் துடைத்தேன். சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்தே பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் மேனேஜர் அறைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தனபால் எழுந்து நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவர் எழுந்து நிற்கும்போதெல்லாம் சவரிமுத்துவின் முகத்தில் உப்புக் கிடங்கு தெரிந்தது.

அப்புறம் ஹாயிஸ்ட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கருப்பையாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விடை கிடைத்தது. அவர் கைலியை அவிழ்த்து, உதறி, மறுபடி மடித்துக் கட்டினார். கைலியை மடித்துக் கட்டும்போது முனையை முஷ்டியில் இறுக்கிப் பிடித்துத்தான் இடுப்பில் செருக வேண்டும். எங்கள் கோயம்புத்தூர் அலுவலகத்தில் கையசைவுகளைப் பதிவுசெய்ய உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் பேன்ட் போட்டவர்கள். மனித குலத்தில் ஒரு பகுதியினர் வேலை நேரத்தில் அடிக்கடி இப்படி ஒரு முஷ்டி பிடிப்பார்கள் என்பது அங்கே எவருக்கும் தோன்றவில்லை. நிறுத்துகிற அசைவைக் கடினமாக்கலாமே என்று கேட்டார் மேனேஜர். முடியாது என்றேன், ஆபத்தில் இருப்பவன் யோசிக்காமல் செய்வதாக அது இருக்க வேண்டும். கருப்பையா மறுநாளிலிருந்து அரைக்கால் சட்டைக்கு மாறினார். மாறிய பிறகும் சவரிமுத்து அவரை விடவில்லை.

"ஏலே கருப்பு, அவுந்தது ஒன் கைலி. அதுக்கு இம்புட்டு நாளா என் மானம்ல போச்சு!"

டீக்கடையில்

துடிப்புகளைச் சவரிமுத்துவுக்குப் பழக்குவதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. ஒரு துடிப்பு என்றால் சங்கிலி இறுகிவிட்டது. இரண்டு என்றால் ஹாயிஸ்ட் ஓடும் தண்டவாளம் முடியப் போகிறது. விடாமல் துடித்தால், எது நடந்தாலும் வலது கை அசையக் கூடாது. துடிப்பு நின்ற பிறகும், கீழே உள்ளவனைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அசைய வேண்டும். இதை அவருக்கு முன்னால் நின்று வாயசைத்து வாயசைத்து எனக்குத் தாடை வலித்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஏறியதா இல்லையா என்று தெரியவில்லை.

ஷாப்புக்கு எதிரே டீக்கடை. சவரிமுத்து கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகிற நேரத்தில், அவருடைய சட்டைப் பையில் இருந்த போன் துடிக்கத் தொடங்கியது. கிளாஸ் உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது. கை, கழுத்து, கண் இமை எதுவும் அசையவில்லை. ஆவி மட்டும் மூக்கைச் சுற்றிக்கொண்டு போனது. போன் அடித்து ஓய்ந்தது. அவர் மெதுவாகத் திரும்பி, பெஞ்சில் பக்கத்திலிருந்த கருப்பையாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்குப் பிறகுதான் குடித்தார். கடைக்காரர் டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டார்.

"சவரியண்ணனுக்கு இனிமே சூடாக் குடுத்தா வீண்தானப்பா."

நான்கு திசை

இதுவரை நான் போய்ச் சேரும்போது வேலை தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகுதான் பட்டையை ஒட்டுவேன். ஒருநாள் முதல் முறையாக ஷாப்பு திறக்கும்போதே போய், வேலை தொடங்கும் முன்பே ஒட்டிவிட்டேன். மேனேஜரும் பார்க்க வந்து நின்றார். கருப்பையா குழியோரம் குனிந்து கட்டைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்தார். சவரிமுத்து தன் இடத்தில் போய் நின்றார். முதல் தூக்குக்கு முன்னால் அவர் எத்தனையோ ஆண்டுகளாகச் செய்துவருவதைச் செய்தார். கண்ணை மூடி, வலது கையால் சிலுவை போட்டுக்கொண்டார்.

கை நெற்றிக்குப் போனது. கட்டு விசுக்கென்று மேலே ஏறியது. கை நெஞ்சுக்கு வந்தது. கட்டு கருப்பையாவின் தலையை நோக்கி இறங்கியது. கை இடது தோளுக்குப் போனது. கட்டு இடப்பக்கம் வீசிக்கொண்டு ஓடியது. வலது தோளுக்கு வருவதற்குள் கருப்பையா தரையோடு தரையாகப் படுத்து முஷ்டியை மூடிவிட்டார். ஹாயிஸ்ட் நின்றது. சவரிமுத்து கையில் துடிப்பு வந்து கண்ணைத் திறந்தபோது, கட்டு அவருடைய நண்பனின் முதுகுக்கு மேலே பெண்டுலம்போல ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய முகத்தை நான் அப்போது பார்த்தேன். இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை.

மேலே, கீழே, இடது, வலது. இதைவிட இயல்பான நான்கு அசைவுகள் கிடையாது என்று எங்கள் கையேட்டில் பெருமையோடு எழுதியிருக்கிறது. அது சரிதான். மிக நெடுங்காலமாக வேறொரு காரியத்துக்குப் பயன்பட்டு வரும் அளவுக்கு இயல்பானவை. தனபால் கட்டு ஆடி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏனுங்க இன்ஜினியர், சனிக்கிழமை முதலாளி பாய் பாக்க வர்றாருங்க. அவரு முன்னாடியும் உங்க மெஷினு இப்படிக் கும்பிடுங்களா?" என்று கேட்டார். கருப்பையா எழுந்து, சட்டையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"நல்ல வேளை சார், ஆமென் வர்றதுக்குள்ள நிறுத்திட்டேன்."

சொல்லாமக் கொள்ளாம

மேனேஜர் சொன்ன வழி சுலபமானது: ஷாப்புக்குள் சிலுவை போடக் கூடாது. சவரிமுத்து ஒப்புக்கொண்டார். வீட்டிலேயே போட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். மறுநாள் வந்து, கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்று, வேலையைத் தொடங்கினார். ஹாயிஸ்ட் திக்கித் திக்கி ஏறியது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. என் டேப்லெட்டில் அவருடைய தசையின் வரைகோடு ரம்பப் பல்போல எகிறிக்கொண்டிருந்தது. முந்தின நாட்களின் கோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவை குளத்துத் தண்ணீர்போல இருந்தன. இறையியலில் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. வரைகோட்டில் கண்டதைச் சொல்கிறேன்: சிலுவை போடாத கை ஓய்வாக இல்லை. ஓய்வில்லாத கை ஓட்டும் ஹாயிஸ்ட்டுக்குக் கீழே கருப்பையாவை நிறுத்தி வைப்பது கொலைக்குச் சமம்.

அதை நான் வாயசைத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. கையை நீட்டி எனக்கு முன்னால் காட்டினார். விரல் நுனிகள் நடுங்கின.

"சாமிகிட்டச் சொல்லாமக் கொள்ளாம எறங்குனா, கை பயப்படுது சார். நான் என்ன செய்ய?"

திறப்பு அசைவு

மாற்றச் சொல்ல வேண்டியது மனிதரையா, இயந்திரத்தையா என்று யோசித்துக்கொண்டு ஒருநாள் முழுக்க டீயாகக் குடித்தேன். ஹாயிஸ்ட்டுக்கு ஒரு பூட்டு வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. பூட்டிய நிலையில் கை எங்கே போனாலும் அது நகரக் கூடாது. ஒரு குறிப்பிட்ட அசைவைச் செய்தால் மட்டும் திறக்க வேண்டும். அந்த அசைவு தற்செயலாக நேராததாக இருக்க வேண்டும். ஓட்டுபவருக்கு மறக்காததாக இருக்க வேண்டும். செய்து முடித்ததும் கை ஓய்ந்திருந்தால் இன்னும் நல்லது. இந்த மூன்றையும் எழுதிப் பார்த்தபோது, விடை வேளாங்கண்ணிவரை எழுதி ஒட்டியிருப்பதுபோலத் தெரிந்தது.

கோயம்புத்தூரில் எங்கள் மென்பொருளை எழுதும் நித்யாவுக்குப் போன் செய்தேன். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். இந்த வரிசையில் வந்தால் பூட்டுத் திறந்து இடது கையில் ஒரு சின்னத் துடிப்பு வர வேண்டும். நிறுத்தம் வந்தால் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றேன். நான் சொன்ன நான்கையும் அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். இது என்ன அசைவு என்று விளக்கக் குறிப்பில் எழுதியாக வேண்டுமே என்றார். 'நான்கு திசைத் தொடக்க அசைவு' என்று எழுதுங்கள் என்றேன். மாலைக்குள் அனுப்பிவிட்டு மறுபடி அழைத்தார்.

"அப்படியே எழுதிட்டேனுங்க சார். எதுக்கும் எங்க வீட்டு வெநாயகருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்."

பாதிச் சிலுவை

சனிக்கிழமை முதலாளி பாய் வந்தார். மேனேஜரும் அவரும் டிரம் பக்கம் நின்றார்கள். சவரிமுத்து கண்ணை மூடி, ஆற அமரச் சிலுவை போட்டார். கட்டு அசையவில்லை. இடது கையில் துடிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தார். முதல் தூக்கு, எண்ணெய் ஊற்றியதுபோலப் போனது. இரண்டாவது கட்டைத் தூக்கும்போது, சங்கிலியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்த கருப்பையாவின் கால் சுண்ணாம்புச் சேற்றில் வழுக்கியது. இடுப்புக்குக் கீழே குழிக்குள் போய்விட்டார். இரண்டு கையாலும் குழியின் விளிம்புப் பலகையைப் பற்றிக்கொண்டார். பற்றிய கை, இறுகிய கை. ஹாயிஸ்ட் அப்படியே நின்றது. தோல் கட்டு அவருடைய தலைக்கு நேர் மேலே ஆடியது. சுண்ணாம்புத் தண்ணீர் அவர் முகத்தில் சொட்டியது. கட்டின் ஒரு பக்கம் சங்கிலியிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

எல்லோரும் கத்தினார்கள். கத்தல் கேட்காத ஒரே மனிதர், கை துடித்ததால் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் அவருடைய வலது கை தன்னால் நெற்றிக்குப் போனது. பூட்டைத் திறப்பதும் அந்த அசைவுதான். கருப்பையாவின் பிடி இறுகியிருக்கும்வரை திறக்காது. ஆனால் தனபாலும் இன்னொருவரும் அதற்குள் பாய்ந்து போய், அவரை மேலே தூக்குவதற்காகப் பலகையிலிருந்து அவருடைய விரல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பிடி விடுகிற நேரமும் சிலுவை முடிகிற நேரமும் ஒன்றாக வந்தால் பூட்டுத் திறந்துவிடும். அடுத்துச் சவரிமுத்து கையைக் கீழே இறக்குவார். கட்டு மூன்று பேர்மேல் இறங்கும். கை நெஞ்சுக்கு வந்துவிட்டது. காது கேளாத மனிதரை நோக்கி நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினேன். என் கையில் இருந்த டேப்லெட்டில் 'நிறுத்து' என்று ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு என்பது எனக்கு மறுநாள்தான் நினைவு வந்தது.

கை நெஞ்சோடு நின்றுவிட்டது. தோளுக்குப் போகவில்லை. உள்ளங்கையை நெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டு, கல்லாக நின்றார். கருப்பையாவை வெளியே இழுத்துப் போட்டார்கள். துடிப்பும் நின்றிருக்க வேண்டும். அப்போதும் அவர் அசையவில்லை. நழுவிய தோல்கள் கருப்பையா தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் சொத்தென்று விழுந்தன. கருப்பையா எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சவரிமுத்து கையை எடுத்தார். முதலாளி பாய் அவருக்கு முன்னால் வந்து, ஏன் பாதியில் நிறுத்தினீர்கள் என்று சைகையால் கேட்டார். சவரிமுத்து குழிப் பக்கம் கையைக் காட்டினார்.

"பாதியில விட்டா ஆண்டவரு பொறுத்துக்குவாரு பாய். முழுசாப் போட்டா கருப்புல்ல போயிருவான்."

இரண்டு பூட்டு

சுண்ணாம்பில் வெந்த கருப்பையாவின் காலைக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கட்டுப் போட்டு அழைத்துவந்த பிறகு, மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "சவரியண்ணன் அங்கேயே நிக்கட்டுங்க" என்றார். நான் மூச்சை விடுவதற்குள், "அந்தப் பூட்டை மட்டும் நீங்க பாருங்க" என்று சேர்த்தார். அவர் சொன்னது நியாயம். ஒரு மனிதர் பதற்றத்தில் செய்யக்கூடிய காரியத்தைத் திறப்பு அசைவாக வைத்தது கெட்டிக்காரத்தனம் இல்லை. நித்யாவிடம் சொல்லி மாற்றினேன். இப்போது ஒரு முறை நிறுத்தம் வந்துவிட்டால், மேலே ஓட்டுபவர் மட்டும் அசைவைப் போட்டால் திறக்காது. கீழே நிற்பவரும் தன் அட்டைக் கையால் போட வேண்டும். அவர் பத்திரமாக இருந்தால்தானே போட முடியும்.

கீழே நிற்பவருக்கு வேறு அசைவு வைத்துத் தரலாம் என்று கருப்பையாவிடம் எடுத்துச் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம், நெற்றியில் திருநீறு இடுவதுபோல வைக்கலாம், எது வேண்டுமோ கேளுங்கள் என்றேன். அவர் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு யோசித்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டார்.

"வேணாம் சார். அவரு கை எங்க நிக்கிதுன்னு எனக்குத் தெரியணும், என் கை எங்க நிக்கிதுன்னு அவருக்குத் தெரியணும். ஒரே பூட்டா இருக்கட்டும்."

ஆக, வளைந்து கொடுக்கும் மின்னணுவியல் திண்டுக்கல் வட்டாரத்தில் இதுவரை சாதித்ததைச் சுருக்கிச் சொன்னால், சவரிமுத்து ஹாயிஸ்ட்டில் நிற்கிறார். ஆண்டுதோறும் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கும் கருப்பையா, எரியோட்டுக்குப் போகும் பஸ் கிளம்பும்போதெல்லாம் நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று தொட்டுக்கொள்கிறார்.